அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் சிமென்ட் கடைக்கு மேல்மாடி.
கீழே மூட்டை இறங்கினால்
என் கீபோர்டில் சாம்பல் படியும்.
நகரக் கோயில் புள்ளிக் கணக்குக்கு
மென்பொருள் எழுதிய டேனியல் சற்குணம்
கோயம்புத்தூர் போய்விட்டான்;
அவன் நாற்காலியும் அவன் புரோகிராமும்
எனக்கு வந்தன.

டேட்டாபேஸில் ஒரு குடும்பம் ஒரே வரிசை.
விலாசம் தனி, பெயர் தனி,
மணநாளுக்கு ஒரு கட்டம்,
மறைந்த நாளுக்கு ஒரு கட்டம், பெரும்பாலும் காலி.
திரைக்கு வருமுன் அதற்கு உடை மாற்ற வேண்டும்:
பெ.சி.க. என்று எழுத்துகளை முன்னால் பூட்டி,
தம்பதி என்றால் முழுப்புள்ளி,
ஒருவர் இல்லையென்றால் அரைப்புள்ளி,
வரியும் அதற்குத் தக்கபடி.

இந்த உடைமாற்றத்தை
டேனியல் ஏழு இடத்தில் எழுதியிருந்தான்.
எழுதினான் என்பது மரியாதைக்கு.
ஒருமுறை எழுதி ஆறுமுறை ஒட்டினான்.
ரசீதில், பந்திக் கணக்கில், வரி பாக்கியில்,
மலேசியாவில் இருப்போர் பட்டியலில்.
அங்கே மட்டும் கொஞ்சம் திருத்தியிருந்தான்:
விலாசம் என்றால் வீட்டு முகவரி என்று நினைத்து
ஒவ்வொரு செட்டியார் பெயருக்கு முன்னாலும்
கதவு எண்ணையும் தெருவையும் இனிஷியலாகப் போட்டுவிட்டான்.
திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்,
அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்.

தை மாதம் கமிட்டி கூடி
அரைப்புள்ளி விதியில் ஒரு வரி மாற்றியது.
தேடித் தேடி ஆறு இடத்தில் மாற்றினேன்.
ஏழாவது இருப்பதே எனக்குத் தெரியாது.

சித்திரையில் சேவுகன் இறந்தார்.
வயது நாற்பத்தாறு. திருமயம் வளைவில் லாரி.
கோயில் கணக்கர் வயிரவன்
காலிக் கட்டத்தில் தேதி நிரப்பினார்.
ரசீதுக்குத் தெரிந்தது. பந்திக்குத் தெரிந்தது.

ஆடியில் ஒருநாள் இரவு பதினொன்றுக்கு
எல்லோர் போனுக்கும் அழைப்பு போனது:
‘பெ.சி.க. சேவுகன் – உண்ணாமலை தம்பதி
அவசியம் வந்து சிறப்பிக்க வேண்டும்.’

காலையில் அவர் கூப்பிட்டார். அழவில்லை, திட்டவில்லை.
“ரசீதில் நான் அரைப்புள்ளி, அழைப்பில் முழுப்புள்ளி.
எதைப் பார்த்து இலை போடுவீங்க?”
எனக்கு வாய் வரவில்லை.
“காலேஜில் கணக்கு எடுக்கிறேன்” என்றார்,
“ஒரு கேள்விக்கு ரெண்டு விடை எழுதினா
ரெண்டையும் அடிச்சிருவோம்.”

கரண்ட் போய், வந்து, போன அந்தச் சாயங்காலத்தில்
ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினேன்.
வரிசையைக் கொடுத்தால் புள்ளியைத் தரும்.
எந்தத் திரையும் இனி
அதன் வாசலில் நின்றுதான் வாங்க வேண்டும்.
பிறகு அழிப்பு.
இருநூற்றுப் பதினான்கு வரிகள் சிவந்து மறைந்தன.
அழிப்பதில் இத்தனை சந்தோஷம் உண்டு என்றால்
கீழே சிமென்ட் கடைக்காரர் நம்பமாட்டார்.

சரிபார்க்க சேவுகனின் வரிசையையே எடுத்தேன்.
வேறு யாரை எடுக்க.
ஏழு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்தேன்.
ஏழிலும் உண்ணாமலை. ஏழிலும் அரை.
ஒரே விடை, சரியான விடை.

நேற்றுவரை ஒரு திரை
ஒன்றும் தெரியாமல்
இருவரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
அந்த அழைப்பு இன்னும் அவர் போனில் இருக்கலாம்.
அதை என் ஃபங்ஷன் தொடாது.
அழித்தாரா என்று கேட்க
நான் யார்.

நாளைக்கு யாரும் எட்டாவதாக ஒன்றை ஒட்டிவிடக் கூடாதென்று
ஒரு டெஸ்ட் எழுதினேன், நான்கே வரி.
ஓட்டினேன். ஓடவில்லை.
கடைசி வரியின் ஓரத்தில் அடிக்கோடு நெளிந்தது:
இங்கே ஓர் அரைப்புள்ளி வேண்டும்.

வைத்தேன்;